ஆறு மாத டிப்ளமாவா, ஐ.டி.ஐ.யா, வயர்மேன் அண்ணனோடு இருப்பதா?

கேள்வி: என் தம்பிக்கு 19 வயது. பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் பாஸ், மார்க் சுமார்தான். பிளஸ் ஒன் பாதியில் நின்றுவிட்டான். ஒன்றரை வருடமாக எங்கள் ஊர் வயர்மேன் அண்ணன் ஒருவரிடம் ஹெல்பராகப் போகிறான். நாளுக்கு 600 ரூபாய் தருகிறார். டவுனில் ஒரு பயிற்சி நிலையத்தில் 38,000 ரூபாய் கட்டினால் ஆறு மாதத்தில் 'எலக்ட்ரிக்கல் டிப்ளமா', வெளிநாட்டு வேலை நிச்சயம் என்கிறார்கள். சித்தப்பா ஐ.டி.ஐ.யில் சேர் என்கிறார். வயர்மேன் அண்ணன், "அஞ்சு வருஷம் என்கிட்ட இருக்கட்டும், லைசென்ஸ் தானா வரும்" என்கிறார். தம்பியோ, "தொழில் கையில இருக்கு, ரெண்டு வருஷம் எதுக்கு வேஸ்ட் பண்ணணும்" என்கிறான். அப்பா இல்லை. நான் ஜவுளிக் கடையில் வேலை செய்கிறேன். எது சரியான வழி?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் நிதானமாகப் பார்க்கலாம். தம்பியை அரசு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவில் சேருங்கள். இரண்டு வருடம். முடித்ததும் ஒரு வருடம் அப்ரண்டிஸ், அதாவது ஒரு நிறுவனத்தில் தொழில் பழகுநராக, போகட்டும். அந்த 38,000 ரூபாயை யாரிடமும் கட்ட வேண்டாம்.

இந்த விஷயத்தில் எல்லோரும் எந்தக் கோர்ஸ் நல்லது என்றுதான் விசாரிக்க ஆரம்பிக்கிறார்கள். நான் மறுமுனையிலிருந்து வரச் சொல்வேன். அடுத்தவர் வீட்டில் வயரிங் செய்கிற ஒருவரிடம் சட்டப்படி என்ன இருக்க வேண்டும்? அதைத் தெரிந்துகொண்டால் எந்தப் படிப்பு அங்கே கொண்டுபோய் விடும், எது நடுவழியில் இறக்கிவிடும் என்பது தெரிந்துவிடும்.

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள் என்று ஒன்று இருக்கிறது. 2010இல் வந்தது, 2023இல் புதுப்பித்தார்கள். பல்பு, ஃபியூஸ், ஃபேன், ஸ்விட்ச் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளை விட்டுவிடலாம். மற்றபடி புதிதாக வயரிங் செய்வது, இருப்பதை நீட்டுவது, மாற்றுவது எல்லாவற்றையும் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும். வேலை நடக்கும்போது தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒயரைத் தொடுகிற ஆளிடமும் மாநில அரசு கொடுத்த அனுமதிச் சான்று இருக்க வேண்டும். பழைய 1956ஆம் வருட இந்திய மின்சார விதிகளிலும் இதே கதைதான்.

தமிழ்நாட்டில் அந்தச் சான்றுகளைக் கொடுப்பது சென்னை கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கும் மின் உரிமம் வழங்கும் வாரியம். தொழிலில் இருப்பவர்கள் எழுத்தை வைத்தே பேசுவார்கள். 'எச்' என்றால் வயர்மேன் உதவியாளர், 'பி' என்றால் வயர்மேன், 'சி' என்றால் மேற்பார்வையாளர். ஒப்பந்ததாரர் உரிமம் இதற்கெல்லாம் மேலே. அதை வாங்க நினைப்பவர் சான்று பெற்ற ஆட்களைத் தன்னிடம் வேலையில் காட்ட வேண்டும். 'பி'யோ 'சி'யோ வைத்திருப்பவரைக் கான்ட்ராக்டர்கள் தேடி வருவது இதனால்தான். வேலை நன்றாகத் தெரிந்தும் காகிதம் இல்லாதவர் ஐம்பது வயதிலும் இன்னொருவர் கையெழுத்துக்காக நின்றுகொண்டிருப்பார். புது வீட்டுக்கு ஈ.பி. இணைப்பு கேட்கும்போது, வயரிங் முடிந்தது என்று உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் அறிக்கை கொடுக்க வேண்டும் அல்லவா? எத்தனையோ ஊர்களில் வேலை செய்தவர் ஒருவர், கையெழுத்துப் போட்டவர் வேறொருவர். அந்தக் கையெழுத்துக்கு ஒரு விலை உண்டு. அது வேலை செய்தவர் கூலியிலிருந்துதான் போகும்.

இப்போது அந்த ஆறு மாத நிலையத்துக்கு வருவோம். தம்பியை அனுப்பி ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "இந்தச் சான்றிதழை வைத்து கிண்டி வாரியத்தில் வயர்மேன் சான்றுக்கு விண்ணப்பிக்க முடியுமா? முடியும் என்றால் எழுதிக் கொடுங்கள்." எழுதித் தர மாட்டார்கள். வாரியம் வயர்மேன் சான்றுக்கு எதிர்பார்ப்பது எலக்ட்ரீஷியன் அல்லது வயர்மேன் பிரிவில் ஐ.டி.ஐ. முடித்தவருக்குக் கிடைக்கும் தேசியத் தொழிற்சான்றிதழ், அதாவது என்.டி.சி., அல்லது அப்ரண்டிஸ் முடித்தவருக்குக் கிடைக்கும் என்.ஏ.சி. ஆறு மாதத்தில் 'டிப்ளமா' என்று அச்சடித்துக் கொடுத்தால் அது டிப்ளமா ஆகிவிடாது. பாலிடெக்னிக் டிப்ளமா மூன்று வருடப் படிப்பு. வெளிநாட்டு வேலை நிச்சயம் என்று பேனர் வைப்பவர்களைப் பற்றி நான் என்ன சொல்ல, உங்களுக்கே தெரியும்.

குறுகிய காலப் பயிற்சி எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. 2015இல் மத்திய அரசு தொடங்கிய கௌஷல் விகாஸ் திட்டத்தில் உதவி எலக்ட்ரீஷியன் பயிற்சி இலவசமாகவே உண்டு. சில மாதங்களில் முடிந்துவிடும். தொழிலை ஒரு தடவை தொட்டுப் பார்க்க நினைப்பவருக்கு அது போதும். உங்கள் தம்பி தொட்டு ஒன்றரை வருடம் ஆகிவிட்டது, அவருக்கு அதனால் பெரிய லாபம் இல்லை.

வயர்மேன் அண்ணன் சொல்வதைச் சும்மா தள்ளிவிட முடியாது. அவர் சொல்கிற வழி உண்மையிலேயே இருக்கிறது. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்றை அரசு ஐ.டி.ஐ.களில் நடத்துகிறது. 21 வயது நிறைந்திருக்க வேண்டும், வயரிங் தொழிலில் ஐந்து வருடத்துக்குக் குறையாத அனுபவம் வேண்டும். பள்ளிப் படிப்பைத் தொடரவே முடியாதவர்களுக்கு, நாற்பது வயதில் குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு, நான் இந்த வழியைத்தான் சொல்வேன். ஆனால் 'தானா வரும்' என்கிறாரே, அங்கேதான் அவர் பேச்சு கொஞ்சம் நழுவுகிறது. அனுபவத்துக்கு எழுத்தில் சான்று வேண்டும், தேர்வு எழுதித் தேற வேண்டும். தேறினாலும் கையில் வருவது 'எச்', உதவியாளர் சான்று. இதுவரை போன ஒன்றரை வருடத்தையும் சேர்த்து ஐந்து வருடம் முடிந்து, 23 வயதில், சட்டத்தின் கண்ணில் அவர் அப்போதும் ஹெல்பர்தான். ஐ.டி.ஐ.யில் சேர்ந்தால் அதே வயதுக்குள் என்.டி.சி., என்.ஏ.சி. இரண்டும் கையில் இருக்கும், 'பி' சான்றுக்கு விண்ணப்பித்திருப்பார்.

"தொழில் கையில இருக்கு" என்று தம்பி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஐ.டி.ஐ.யில் வாத்தியாராக இருந்தவன் என்பதால் இந்த வசனம் எனக்கு நன்றாகப் பழக்கம். பாதி உண்மையும்கூட. சென்ட்ரிங் மேல் பைப் போடுவது, சுவரில் காடி எடுப்பது, ஒயர் இழுப்பது, பெட்டி மாட்டுவது இதிலெல்லாம் ஹெல்பராக இருந்துவிட்டு வரும் பையன்கள் முதல் வருட மாணவர்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்கள். திணறுகிற இடம் வேறு. ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்கிறேன், தம்பியிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

மாடி வீடு. கீழ்த்தளத்துக்கு ஒரு ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே விழுந்து இணைப்பை வெட்டும் கருவி), மேல்தளத்துக்கு ஒன்று. மாடிப்படி லைட்டுக்குக் கீழ்த்தளத்து டி.பி.யிலிருந்து, அதாவது கரண்டைப் பிரித்து அனுப்பும் பெட்டியிலிருந்து, லைன் வந்திருக்கிறது. நியூட்ரல் இழுக்க மறந்துவிட்டார்கள், பூச்சும் முடிந்துவிட்டது. பக்கத்துப் பெட்டியில் மேல்தளத்து நியூட்ரல் இருக்கிறது, அதில் சேர்த்துவிட்டார்கள். ஸ்விட்சைத் தட்டியதும் டிரிப். மறுபடி தூக்கிவிட்டுத் தட்டினால் மறுபடி டிரிப். பல்பு மாற்றிப் பார்த்தாயிற்று, ஸ்விட்ச் மாற்றிப் பார்த்தாயிற்று. கடைசியில், "இந்த ஆர்.சி.சி.பி. பீஸ் சரியில்ல சார்" என்று சொல்லி அதை டைரக்ட் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். லைட் எரியும். வீட்டுக்காரருக்கும் சந்தோஷம்.

நடந்தது என்ன? ஆர்.சி.சி.பி. செய்வது ஒரே வேலை. லைன் வழியாகப் போன கரண்ட் அவ்வளவும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வருகிறதா என்று பார்க்கும். வீடுகளில் போடுவதில் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே விழுந்துவிடும். எங்கோ கசிகிறது, ஒருவேளை ஒரு மனிதர் உடம்பு வழியாகக் கசிகிறது என்று அதற்கு அர்த்தம். கீழிருந்து போன கரண்ட் மேல்தளத்து நியூட்ரலில் திரும்பினால் இரண்டு கருவிக்குமே கணக்கு உதைக்கும். 9 வாட் எல்.இ.டி. பல்புகூட 30 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்கும், தட்டியதும் விழத்தான் செய்யும். கருவி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அதைக் கழற்றிவிட்ட வீட்டில் ஒருநாள் கீஸர் எலிமென்ட் விரிசல் விட்டுத் தண்ணீரில் கரண்ட் இறங்கும், தடுக்க ஒன்றும் இருக்காது. எர்த் பச்சை ஒயரைப் பெட்டிக்குள்ளேயே சுருட்டி விட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். அதுவும் நடக்கிற வழக்கம்தான்.

காரணம் தெரிந்தவன் ஐந்து நிமிடத்தில் நியூட்ரலைப் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடிப்பான். அந்தக் 'காரணம்'தான் ஐ.டி.ஐ.யில் இருக்கிறது. முதல் வருடத்தில் பிரிட்டானியா ஜாயின்ட், மேரீட் ஜாயின்ட் என்று ஒயரை முறுக்கச் சொல்லும்போது பையன்கள் சிரிப்பார்கள், இந்தக் காலத்தில் எவன் சார் இதைப் போடுகிறான் என்று. போகட்டும், ஒயரை அடிபடாமல் உரிக்கக் கை பழகுமே. அப்புறம் படிக்கட்டு வயரிங், குடோன் வயரிங், மெகர் வைத்து இன்சுலேஷன் பார்ப்பது, எர்த் ரெசிஸ்டன்ஸ் அளப்பது. இரண்டாம் வருடம் மோட்டார், ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர், வைண்டிங், பேனல், சோலார். வீட்டு வயரிங்கை மட்டும் வைத்து ஓடும் ஆள் கட்டட வேலை படுத்தால் தானும் படுத்துவிடுவார். மோட்டாரும் பேனலும் தெரிந்தவருக்கு மில், ரைஸ்மில், கம்பெனி, ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் ரூம் என்று எங்கும் கதவு உண்டு.

வயர்மேன் என்றே தனிப் பிரிவும் ஐ.டி.ஐ.யில் இருக்கிறது. அதுவும் இரண்டு வருடம், எட்டாம் வகுப்பு பாஸ் போதும். எலக்ட்ரீஷியனுக்குப் பத்தாம் வகுப்பில் கணக்கும் அறிவியலும் தேறியிருக்க வேண்டும். உங்கள் தம்பி பத்து பாஸ் என்பதால் எலக்ட்ரீஷியனையே கேளுங்கள். மார்க் காரணமாக இடம் கிடைக்காமல் வயர்மேன் கிடைத்தால் தயங்காமல் சேர்ந்துவிடலாம், வாரியத்தின் சான்றுக்கு அதுவும் செல்லும்.

பணம். நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அதுதான் இருக்கிறது. நாளுக்கு 600 ரூபாய் நின்றுபோனால் வீடு எப்படி ஓடும்? இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, காலணி, பாடப்புத்தகம், வரைபடக் கருவி எல்லாம் தருகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்த பையன் என்றால் 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்குமா என்று சேரும்போதே கேளுங்கள். உங்களுக்குத் தங்கை இருந்து அவரும் சேர நினைத்தால் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம் இருக்கிறது. (எலக்ட்ரீஷியன் வகுப்பில் பெண்கள் சேருவதைப் பார்த்து இன்னும் மூக்கில் விரல் வைப்பவர்கள் இருக்கிறார்கள். என் வகுப்பில் பேனல் வயரிங்கில் சுத்தமான வேலை பெரும்பாலும் பெண் பிள்ளைகளுடையதுதான்.)

இது எல்லாம் சேர்ந்தாலும் 600 ரூபாய் கூலிக்கு ஈடாகாது. ஆனால் வயர்மேன் அண்ணனோடு உறவை அறுக்க வேண்டிய அவசியம் இல்லையே. சனி, ஞாயிறு, லீவு நாட்களில் அவரோடு போகட்டும். விஷயத்தை மறைக்காமல் நீங்களே போய்ப் பேசுங்கள். "அண்ணே, பையன் படிச்சிட்டு உங்ககிட்டதான் வருவான், அப்ப உங்களுக்கும் சான்று உள்ள ஆளு ஒருத்தன் கிடைப்பான்" என்றால் நல்ல மனிதர் புரிந்துகொள்வார். ஒரு எச்சரிக்கை: ஐ.டி.ஐ.யில் 80 சதவீத வருகை இல்லாமல் தேர்வு எழுத விட மாட்டார்கள். முகூர்த்த சீஸனில் வேலை நெருக்குகிறது என்று திங்கள், செவ்வாய் லீவு போட ஆரம்பித்துக் கெட்டுப்போன பையன்கள் நிறைய.

சேர்க்கை பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் தொடங்கும். விண்ணப்பம் ஆன்லைனில்தான். பக்கத்து அரசு ஐ.டி.ஐ.யிலோ மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்திலோ உதவி மையம் இருக்கும், அங்கேயே போட்டுத் தருவார்கள். இரண்டு மூன்று வருடம் படிப்பு விட்டுப்போனது ஒரு தடையே இல்லை, ஆண்களுக்கு 40 வயது வரை சேரலாம். எலக்ட்ரீஷியன் இடங்கள்தான் முதலில் நிரம்பும். அதனால் ஒரே ஐ.டி.ஐ.யைக் கொடுக்காமல் பஸ்ஸில் போய்வரக்கூடிய எல்லாவற்றையும் விருப்பத்தில் கொடுங்கள். தனியார் ஐ.டி.ஐ.களிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் உண்டு, அதையும் விட வேண்டாம்.

தனியார் என்றால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். என்.சி.வி.டி. என்று சொல்லப்படும் மத்திய அரசு அங்கீகாரம் நிலையத்துக்கு மட்டும் இருந்தால் போதாது, தம்பி சேரப்போகிற எலக்ட்ரீஷியன் பிரிவுக்கு இருக்க வேண்டும். ஃபிட்டருக்கு வாங்கிய அங்கீகாரத்தைச் சுவரில் மாட்டி எல்லாவற்றுக்கும் ஆள் சேர்க்கும் இடங்களும் உண்டு. இன்னொன்று, சேருமுன் ஒரு வேலைநாளில் பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். மாணவர்கள் வயரிங் பழகும் பலகைகளைக் கவனியுங்கள். பலகை முழுக்க ஸ்க்ரூ துளைகள், பிய்ந்த ஓரங்கள், பென்சில் கோடுகள், மூலையில் வெட்டிப்போட்ட ஒயர்த் துண்டுகள் என்று இருந்தால் அங்கே வேலை நடக்கிறது. பலகை பளபளவென்று, மோட்டார்மேல் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தால் அது இன்ஸ்பெக்ஷனுக்கு வைத்த பொருள். வெளியே வந்துவிடுங்கள்.

ஐ.டி.ஐ. முடிந்ததும் பல பேர் நேராக வேலைக்கு ஓடிவிடுகிறார்கள். அப்ரண்டிஸ் வருடத்தை விடாதீர்கள். 1961ஆம் வருடச் சட்டப்படி நடப்பது அது, உதவித்தொகை உண்டு, கடைசியில் அகில இந்தியத் தேர்வு எழுதி என்.ஏ.சி. வாங்கலாம். திருச்சி பெல், நெய்வேலி என்.எல்.சி., பெரம்பூர் ஐ.சி.எஃப். எல்லாம் எலக்ட்ரீஷியன் அப்ரண்டிஸ் எடுக்கிறார்கள். விழுப்புரத்துக்கு நெய்வேலி எட்டும் தூரம்தான். அங்கே அப்ரண்டிஸ் முடித்தால் வேலை நிரந்தரம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அது பயிற்சி மட்டுமே. ஐ.சி.எஃப்.பில் ஐ.டி.ஐ. படிக்காத பத்தாம் வகுப்புக்காரர்களையும் 'பிரெஷர்' என்று தனியாக எடுக்கிறார்கள். மார்க் அடிப்படையில் போட்டி பலமாக இருக்கும், அறிவிப்பு வரும்போது போட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

அதற்குமேல் வழி அவர் இஷ்டம். மின்வாரியக் களஉதவியாளர் வேலைக்கும் ரயில்வே டெக்னீஷியன் வேலைக்கும் ஐ.டி.ஐ.தான் தகுதி. மின்வாரியத்துக்குக் கம்பம் ஏறத் தெரிய வேண்டும். படிப்பில் ருசி வந்துவிட்டால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம், அந்த டிப்ளமாவும் அனுபவமும் சேர்ந்தால் 'சி' சான்று எட்டிவிடும். வளைகுடா ஆசை இருந்தால் அப்போது போகட்டும். அங்கே நேர்முகத்தில் டிராயிங்கைக் கொடுத்து டி.பி. கட்டச் சொல்வார்கள், பேச்சு எடுபடாது. 1978 முதல் இருக்கும் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், இல்லாவிட்டால் மத்திய அரசில் பதிவு பெற்ற ஏஜென்ட், இந்த இரண்டைத் தவிர யார் வழியாகவும் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

தம்பியை அடித்துப் பிடித்து அனுப்ப முடியாது, 19 வயதுப் பையன். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவரைப் பக்கத்து அரசு ஐ.டி.ஐ.க்குக் கூட்டிப்போய் இரண்டாம் வருட மாணவர்களோடு பேச விடுங்கள். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் கண்ட்ரோல் ஒயரிங் எப்படிப் போகிறது என்று அவர்களிடம் கேட்கட்டும். அக்கா சொல்லிக் கேட்காதவன் தன் வயதுப் பையன் தனக்குத் தெரியாததைச் செய்வதைப் பார்த்தால் கேட்பான்.

படிப்புக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. 18 வயது தாண்டி கட்டட வேலையில் இருக்கும் எலக்ட்ரீஷியன்களும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யலாம். விபத்து என்றால் உதவி உண்டு. ஒன்றரை வருடமாக ஏணியில் ஏறிக்கொண்டிருக்கும் பையன் இன்னும் பதிவு செய்யவில்லை என்றால், ஐ.டி.ஐ. சேர்க்கை வரும் வரை காத்திருக்காமல் இந்த வாரமே ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக்கோடு அந்த வேலையை முடித்துவிடுங்கள்.